வெல்லும் பாட்டு எது? – யூரோவிஷன் போட்டியும் இரசிகர் கணிப்பும்

1

ஒரு கலைப்படைப்பு நல்லதா அல்லதா என்று கேட்பது ஒன்று. அது வெல்லுமா தோற்குமா என்று கேட்பது மற்றொன்று. முதலாவது கேள்வி விமர்சனத்துக்கு உரியது. இரண்டாவது கேள்வியை விமர்சகர்கள் பெரும்பாலும் அற்பமானதெனத் தள்ளிவிடுவர். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை முந்தும் என்று கணக்குப் பார்ப்பவனுக்கும், பாட்டுப் போட்டியில் எந்தப் பாட்டு வெல்லும் என்று கணக்குப் பார்ப்பவனுக்கும் வேற்றுமை யாது என அவர்கள் வினவக்கூடும். வேற்றுமை உண்டு. குதிரை தனது கால்களின் வலிமையால் முந்துகின்றது. பாட்டோ மனிதர் தரும் தீர்ப்பினால் வெல்கின்றது. ஆகவே பாட்டின் வெற்றியை முன்கூட்டிச் சொல்ல முனைபவன், அறிந்தோ அறியாமலோ, தீர்ப்பளிக்கும் மனிதரைப் பற்றி ஆராயத் தொடங்கிவிடுகின்றான். அவர்கள் யாவர், எங்கு வாழ்கின்றனர், எவருடைய குரலுக்குச் செவிசாய்ப்பர், எவருடைய குரலைப் புறக்கணிப்பர் என்பனவெல்லாம் அவனுடைய கணக்கிற் சேர்ந்துவிடுகின்றன.

இந்நோக்கில் நாம் இங்கு எடுத்துக்கொள்வது, ஐரோப்பாவில் 1956 முதல், பெருந்தொற்றுக் காலமாகிய 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் நடைபெற்றுவந்துள்ள யூரோவிஷன் பாட்டுப் போட்டியை. எமது வாசகருட் பலர் இப்போட்டியைக் கண்டிருக்க மாட்டார்கள். அதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு நாட்டினதும் பொது ஒலிபரப்பு நிலையம் ஒரு பாட்டை அனுப்புகின்றது. பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேற்படலாகாது. ஒரே மேடையில் எல்லாப் பாட்டுக்களும் பாடப்பட்டபின் பங்குபற்றும் நாடுகள் வாக்களிக்கின்றன. எந்த நாடும் தனக்குத் தானே வாக்களிக்க இயலாது. வென்ற நாடு பெரும்பாலும் அடுத்த ஆண்டுப் போட்டியைத் தன்னகத்தே நடத்தும்.

போட்டி ஓரிரவில் முடிந்துவிடுகின்றது. ஆனால் அதற்கு முந்திய பல மாதங்களாக, எது வெல்லும் என்ற கேள்வியை வைத்து ஐரோப்பாவெங்கும் இரசிகர்கள் வாதாடுகின்றனர், பட்டியலிடுகின்றனர், கடந்த ஆண்டுகளின் புள்ளிகளைத் தோண்டியெடுத்து ஒப்புநோக்குகின்றனர். இந்தக் கணிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு, தீர்ப்பளிக்கும் அதிகாரம் காலந்தோறும் எவர் கையில் இருந்தது என்பதன் வரலாறே என்பது எமது கருத்து.

2

1950 இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், யுத்தத்தினாற் சிதைந்திருந்த நாடுகளின் ஒலிபரப்பு நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பணியை மேற்கொண்டது. இத்தாலியின் சன்ரேமோ நகரில் 1951 முதல் நடந்துவந்த பாட்டு விழாவை முன்மாதிரியாகக் கொண்டு, 1956 மே 24 ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் முதலாவது போட்டி நடைபெற்றது. நாட்டுக்கு 2 பாட்டுக்களாக 7 நாடுகளின் 14 பாட்டுக்கள் அங்கு பாடப்பட்டன. நாட்டுக்கு இருவராக அமைந்த நடுவர் இரகசியமாக வாக்களித்தனர். தம் சொந்த நாட்டுக்கே வாக்களிப்பதற்கும் அவர்களுக்கு அவ்வாண்டு தடையிருக்கவில்லை. சுவிற்சர்லாந்தின் லீஸ் அசியா வென்றார் என்ற முடிவு மட்டும் அறிவிக்கப்பட்டது. எந்தப் பாட்டு எத்தனை புள்ளி பெற்றது என்ற முழு விபரம் வெளியிடப்படவேயில்லை.

மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் தீர்ப்பில் இரசிகனுக்கு வேலை இல்லை. முடிவைக் கேட்டுக் கைதட்டுவதே அவனுக்கு விடப்பட்ட பங்கு. 1957 இல் பிராங்போட் நகரில் நடந்த இரண்டாவது போட்டி இதனை மாற்றியது. நாட்டுக்குப் பதின்மர் கொண்ட நடுவர் குழுக்கள் தத்தம் நாட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் புள்ளிகளை அறிவித்தன. அரங்கிலே பெரிய பலகையில் அப்புள்ளிகள் எல்லோரும் காண ஏற்றப்பட்டன. நாடு நாடாகத் தீர்ப்பு வந்துகொண்டிருக்கையில், அடுத்து வரப்போவது எவ்வாறிருக்கும் என்று ஊகிப்பதற்கு வீட்டிலிருந்தவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. கணிப்பு எனும் பொழுதுபோக்கின் பிறப்பிடம் அந்தப் புள்ளிப் பலகையே எனலாம்.

ஆயினும் அக்காலத்துக் கணிப்பு பெரிதும் இருட்டிற் கைவிட்டுத் துழாவுவது போன்றதே. நடுவர் யாவர் என்பது பொதுமக்களுக்குத் தெரியாது. போட்டி இரவுக்கு முன்னர் பிறநாட்டுப் பாட்டுக்களைக் கேட்பதற்கும் பலருக்கு வசதியில்லை. பாட்டுக்களை முன்கூட்டியே காட்டும் நிகழ்ச்சிகள் நாடுகளிடையே பரிமாறப்படும் வழக்கம் 1970 களின் தொடக்கத்திலேதான் நிலைபெற்றது. ஆகவே பாடகரின் பெயரும் புகழுமே கணிப்புக்கு அடிப்படையாயின. அவ்வடிப்படை எவ்வளவு பலவீனமானது என்பதை 1968 ஆம் ஆண்டு காட்டிற்று.

அவ்வாண்டுப் போட்டி ஏப்ரல் 6 ஆந் திகதி இலண்டனில் நடைபெற்றது. பிரித்தானியாவின் சார்பில் பாடியவர், அந்நாட்டில் அன்று பெரும்புகழ் பெற்றிருந்த கிளிப் றிச்சட். பாட்டை எழுதியவர்கள், முந்திய ஆண்டில் அந்நாட்டுக்கு வெற்றி தேடித்தந்த அதே இருவர். வெல்பவர் அவரே என்பது பொது எதிர்பார்ப்பு. ஸ்பெயின் நாட்டின் நிலையோ வேறு. பாடுவதற்கு முதலிலே தெரிவுசெய்யப்பட்ட ஜொவான் மனுவேல் செராற் தனது தாய்மொழியாகிய கற்றலான் மொழியிற் பாடவேண்டுமென்று நின்றார். கற்றலான் மொழியை அடக்கிவைத்திருந்த பிராங்கோவின் ஆட்சி அதற்கு இடங்கொடுக்குமா? அவருக்குப் பதிலாக மாசியேல் என்ற பாடகி அவசரமாக அனுப்பப்பட்டார். முடிவில் ஸ்பெயின் 29 புள்ளியும் பிரித்தானியா 28 புள்ளியும் பெற்றன. இத்தோல்வியின் வடு நெடுங்காலம் ஆறவில்லை. பிராங்கோவின் அரசு வாக்குகளை விலைக்கு வாங்கியது என்ற குற்றச்சாட்டு 2008 இல் ஒரு விவரணப் படத்தின் மூலம் எழுப்பப்பட்டது. அது நிரூபிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு மட்ரிட் நகரில் ஸ்பெயின், பிரித்தானியா, நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கும் தலா 18 புள்ளி பெற்று ஒருங்கே வென்றன. சமநிலையைத் தீர்க்க விதியே இருக்கவில்லை. அத்தகைய முடிவை எந்தக் கணிப்பாளன் முன்னுரைத்திருக்க முடியும்?

பாட்டு அரங்கினுள்ளே அரசியலுக்கு இடமில்லை என்பது அமைப்பாளரின் நெடுநாட் கூற்று. 1964 இல் கொப்பன்ஹேகன் நகரில், பிராங்கோவையும் சலசாரையும் பகிஷ்கரிக்குமாறு கோரும் பதாகையுடன் ஒருவர் மேடையேறினார். அவ்வாண்டே சலசாரின் போர்த்துக்கல் முதன்முறையாகப் போட்டியிட்டு, ஒரு புள்ளிதானும் பெறாது திரும்பியது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு கற்பிக்க நாம் முற்படவில்லை. ஆயினும் அரங்கின் கதவைச் சாத்துவதனால் உலகம் வெளியே நின்றுவிடுவதில்லை என்பதற்கு அவ்விரவு சான்றாகும்.

3

1975 இல், இன்றும் வழங்கிவரும் புள்ளிமுறை வந்தது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்களுக்கு 12, 10, பின்னர் 8 முதல் 1 வரை புள்ளிகளை வழங்கும். இம்முறை ஆண்டுதோறும் ஒரே வடிவிற் பெருந்தொகையான தரவைத் தந்தது. எந்த நாடு எந்த நாட்டுக்கு எத்தனை தடவை எவ்வளவு கொடுத்தது என்று கணக்கெடுக்க வழி பிறந்தது. கணக்கெடுப்பதற்கு ஆட்களும் இருந்தனர். 1984 இல் பின்லாந்தின் சவொன்லின்னா நகரில் ஓ.ஜி.ஏ.ஈ. என்ற இரசிகர் சங்கம் தோன்றி, படிப்படியாக நாடுதோறும் கிளைவிட்டது. அதன் உறுப்பினர் தத்தம் நாட்டுத் தெரிவுப் போட்டிகளை ஒளிநாடாவிற் பதிந்து தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பினர். தன்பாலீர்ப்புடைய ஆண்கள் தம்மை மறைத்து வாழவேண்டியிருந்த காலத்தில், அவர்களுட் பலருக்கு இச்சங்கங்கள் அச்சமின்றிக் கூடும் இடமாகவும் அமைந்தன என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

கூலியின்றி, விருப்பினால் மட்டும் ஆண்டாண்டாகச் சேர்த்த அறிவு இது. ஒரு நாட்டின் மொழி தெரியாமலே அந்நாட்டுப் பாட்டை நூறு முறை கேட்டு, அதன் சொற்களுக்குப் பொருள் தேடி, அந்நாட்டு இசை மரபை அறிந்துகொண்ட சாமானியர் பலர் இதில் உள்ளனர். பல்கலைக்கழகங்கள் ஒப்பிலக்கியம் என்ற பெயரிற் செய்யும் பணியின் ஒரு பகுதியை அவர்கள் விளையாட்டாகச் செய்தனர் என்று கூறுவது மிகையாகாது.

அவ்வாறாயின் அவர்களுடைய கணிப்பு ஏன் தவறுகின்றது? இச்சங்கத்தின் கிளைகள் 2007 முதல் ஆண்டுதோறும் போட்டிக்கு முன்னரே தமக்குள் வாக்கெடுத்து முடிவை வெளியிட்டு வந்துள்ளன. 2012 இல் அவர்கள் முதலிடம் கொடுத்த சுவீடன் பாடகி லொறீன் உண்மையிலேயே வென்றார். ஆனால் 2008 இல் அவர்கள் முதலிடம் கொடுத்த சுவீடன் பாடகி சார்லொட் பெரெல்லி 18 ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 2011 இல் அவர்களுடைய முதற்றெரிவாகிய ஹங்கேரி 22 ஆம் இடத்தைப் பெற்றது. அதே 2011 இல் பந்தயக்காரரின் முதற்றெரிவாகிய பிரான்ஸ் 15 ஆம் இடத்தில் நின்றது. வென்றதோ அசர்பைஜான். இரசிகனின் காதும் பந்தயக்காரனின் பணமும் ஒரே இரவில் ஒருங்கே தோற்றன.

இதற்குக் காரணம் தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. இரசிகன் பாட்டை மாதக்கணக்கிற் கேட்கின்றான். வாக்களிக்கும் பொதுமகன் ஒரே ஒருமுறை, அதுவும் இருபத்தைந்து பாட்டுக்களுக்கு நடுவிற் கேட்கின்றான். இரசிகன் சென்ற ஆண்டுகளின் வெற்றிப் பாட்டுக்களோடு ஒப்பிட்டு மதிக்கின்றான். பொதுமகனுக்கு அந்த ஒப்பீடு தேவையில்லை. தன் சுவையை மக்கள் சுவையென மயங்குவது நுண்ணறிவுடைய சிறு குழுக்களுக்கு எப்பொழுதும் நேரும் ஆபத்து. சிறு சஞ்சிகைகளின் வாசகராகிய நாமும் இதிற் கற்றுக்கொள்ள ஏதோ உண்டு.

4

தீர்ப்பளிக்கும் அதிகாரம் கைமாறிய ஆண்டு 1997. அவ்வாண்டு ஒஸ்திரியா, ஜேர்மனி, சுவீடன், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா ஆகிய 5 நாடுகளில் நடுவர் குழுவுக்குப் பதிலாகப் பொதுமக்களே தொலைபேசி மூலம் வாக்களித்தனர். மறு ஆண்டு பெரும்பாலான நாடுகள் அம்முறையை மேற்கொண்டன. இதனால் கணிப்பின் தன்மையே மாறிற்று. பாட்டை மட்டும் கேட்டுக் கணித்தவன் இப்பொழுது தேசப்படத்தையும் குடியகல்வுப் புள்ளிவிபரத்தையும் கையில் எடுக்கவேண்டியவனானான்.

ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். 1961 ஒக்டோபர் 30 ஆந் திகதி ஜேர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, துருக்கியத் தொழிலாளர் அந்நாட்டின் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர் விருந்தாளித் தொழிலாளர். விருந்தாளி என்றால் திரும்பிப் போகவேண்டியவன் என்பது அப்பெயரின் உட்பொருள். அவர்கள் திரும்பவில்லை, அங்கேயே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டனர். ஆனால் 1913 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த இரத்தவழிக் குடியுரிமைக் கோட்பாடு, அந்நாட்டிற் பிறந்த அவர்களது பிள்ளைகளையும் பெரும்பாலும் அந்நியராகவே வைத்திருந்தது. சீர்திருத்தச் சட்டம் 2000 சனவரி முதலாந் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. தேர்தலில் வாக்குரிமை அற்றிருந்த இம்மக்களிடம் தொலைபேசி இருந்தது. பாட்டுப் போட்டியில் வாக்களிக்கக் குடியுரிமைப் பத்திரம் எவரும் கேட்கவில்லை. துருக்கியில் இருப்பவன் துருக்கிக்கு வாக்களிக்க முடியாது. ஜேர்மனியில் இருக்கும் துருக்கியன் வாக்களிக்கலாம். பின்வந்த ஆண்டுகளில் ஜேர்மனியின் மக்கள் வாக்கில் துருக்கி தொடர்ந்து உயர்ந்த புள்ளிகளைப் பெற்றதன் இரகசியம் இதுவே. 2003 இல் துருக்கி 167 புள்ளிகளுடன் வென்றது. இரண்டாம் இடத்தைப் பெற்ற பெல்ஜியத்துக்கு 165 புள்ளி.

இன்னுமோர் உதாரணம் 2016 ஆம் ஆண்டுப் போலந்தினது. அப்பொழுது நடுவர் வாக்கும் மக்கள் வாக்கும் தனித்தனியே அறிவிக்கப்படலாயின. போலந்துக்கு எல்லா நாட்டு நடுவர்களும் சேர்ந்து கொடுத்தது 7 புள்ளி. மக்கள் கொடுத்தது 222. மேற்கு ஐரோப்பாவின் கட்டிடங்களிலும் பண்ணைகளிலும் களஞ்சியங்களிலும் உழைக்கும் போலந்து மக்களை நினைவில் வைக்காத எந்தக் கணிப்பும் இந்த இடைவெளியை விளக்கமாட்டாது. ஆட்டவரையில் ஒரு நாடு பெறும் புள்ளி, அந்நாடு ஏற்றுமதி செய்த உழைப்பின் நிழலாகவும் இருக்கக்கூடும் என்பதை இரசிகர்கள் அனுபவத்தால் அறிந்துகொண்டனர்.

இதனை எல்லோரும் இவ்வாறு நோக்கவில்லை. 2007 இல் ஹெல்சிங்கி நகரில் சேர்பியாவின் மரியா செரிபோவிச் வென்றபொழுது, பழைய யூகோசிலாவியாவிலிருந்து பிரிந்த அயல்நாடுகள் அனைத்தும் அவருக்கு 12 புள்ளி வழங்கின. மேற்கு நாட்டுப் பத்திரிகைகளிற் கூக்குரல் எழுந்தது. கிழக்கு நாடுகள் அயலவருக்கே வாக்களித்துப் போட்டியைக் கெடுத்துவிட்டன என்றனர். பிரித்தானியாவின் புகழ்பெற்ற வர்ணனையாளர் டெரி வோகன், இது இனிப் பாட்டுப் போட்டியன்று என்று குறைகூறி, 2008 ஆம் ஆண்டுப் போட்டியோடு விலகிக்கொண்டார். ஆனால் வரலாறு கூறுவது வேறு. காட் யயிர் என்ற சமூகவியலறிஞர் 1975 முதல் 1992 வரையான வாக்குகளை ஆராய்ந்து 1995 இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்கு அணி, வடக்கு அணி, மத்தியதரை அணி என மூன்று வாக்கு அணிகள் இருந்தமையைக் காட்டினார். கிழக்கு நாடுகள் திரளாகப் போட்டிக்கு வருமுன்னரே அணிகள் இருந்தன. மேற்கு நாட்டார் தமக்குள் வாக்களித்தபொழுது அது சுவை எனப்பட்டது. கிழக்கு நாட்டார் அதையே செய்தபொழுது அது சூழ்ச்சி எனப்பட்டது. 2008 இல் கின்ஸ்பர்க், நூரி என்ற பொருளியலறிஞர் இருவர், இவ்வாக்குகளை விளக்குவது அரசியற் பேரத்தைக் காட்டிலும் மொழி, பண்பாட்டு நெருக்கமே என்ற முடிவுக்கு வந்தனர். ஒரு காலத்தில் ஒரே வானொலியைக் கேட்டு வளர்ந்த மக்கள், யுத்தத்தினால் எல்லைகள் பிரிந்தபின்னரும் ஒரே பாட்டுக்கு மனமிளகுவது குற்றமா?

கூக்குரலின் விளைவாக 2009 இல் இறுதிப் போட்டிக்கு நடுவர் குழுக்கள் மீட்டும் கொண்டுவரப்பட்டன. பாதி நிபுணருக்கு, பாதி மக்களுக்கு என்று ஆயிற்று. அன்று முதல் கணிப்பாளன் இரண்டு கணக்குகளை வைத்திருக்கவேண்டியவனானான். 2016 இல் நடுவர் முதலிடம் கொடுத்தது அவுஸ்திரேலியாவுக்கு. மக்கள் முதலிடம் கொடுத்தது, பந்தயக்காரரும் எதிர்பார்த்த ரஷ்யாவுக்கு. இரண்டையும் கூட்டியபொழுது வென்றது, 1944 இல் கிரைமியத் தாத்தாரியர் நாடுகடத்தப்பட்ட துயரத்தைப் பாடிய உக்ரைனின் ஜமாலா. 2023 இல் பின்லாந்துக்கு மக்கள் 376 புள்ளி கொடுத்தனர், சுவீடனுக்கு 243. நடுவர் தீர்ப்பினால் வென்றது சுவீடன். நிபுணர் என்போர் எப்பொழுதும் விருப்புவெறுப்பற்றவர் என்றும் கொள்ளமுடியாது. 2022 இல் அரையிறுதிப் போட்டியொன்றில் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் அளித்த வாக்குகளில் ஒழுங்கீனம் காணப்பட்டு, அவை நீக்கப்பட்டன.

5

இதுவரை கூறியவற்றிற் கணிப்பு ஒரு மக்கள் அறிவாக வளர்ந்தமையைக் கண்டோம். அவ்வறிவு சந்தைக்கு வந்த கதையையும் கூறவேண்டும்.

பந்தயக்காரர் இப்போட்டியை ஆரம்ப காலத்திலேயே கண்டுகொண்டனர். ஆனால் இணையம் வந்தபின் பந்தய விலை நாளுக்கு நாளும் மணிக்கு மணியும் எல்லோர் கண்முன்னும் ஏறி இறங்கலாயிற்று. ஒத்திகையை நேரிற் கண்ட இரசிகன் எழுதும் நாலு வரி விலையை அசைக்கின்றது. விலை அசைந்த செய்தி பத்திரிகையில் வருகின்றது. பத்திரிகைச் செய்தி அப்பாட்டுக்கு விளம்பரமாகின்றது. இரசிகன் கூலியின்றித் தேடிய அறிவைப் பந்தய நிறுவனம் இலாபமாக்குகின்றது. எதிர்வுகூறல் என்பது எதிர்காலத்தை அறியும் முயற்சியாக இருந்த நிலைமாறி, எதிர்காலத்தை உந்தும் கருவியாகவும் ஆகின்றது. தேர்தற் காலத்துக் கருத்துக் கணிப்புக்களில் நாம் காணும் அதே நோய் இது.

அப்படியிருந்தும் சந்தை அடிக்கடி தவறுகின்றது. 2010 இல் பந்தயக்காரர் நம்பியது அசர்பைஜானை. அது 5 ஆம் இடத்தைப் பெற, ஜேர்மனி வென்றது. 2017 இல் பல வாரங்களாக முன்னணியில் வைக்கப்பட்ட இத்தாலி 6 ஆம் இடம் பெற்றது. 2024 இல் குரோசியா வெல்லும் என்றனர், சுவிற்சர்லாந்து வென்றது. 2025 இல் சுவீடன் வெல்லும் என்றனர். ஒஸ்திரியா வென்றது, சுவீடன் நான்காவதாயிற்று. 2009, 2012, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் கூறியது பலித்ததும் உண்மையே. பணம் திரட்டும் அறிவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு மேல் இதிற் பெரிய மர்மம் ஏதுமில்லை.

இதனினும் பாரதூரமான விடயம் வாக்கின் விலை. மக்கள் வாக்கு என்று நாம் கூறியது இலவச வாக்கன்று. ஒவ்வொரு வாக்குக்கும் கட்டணம் உண்டு. ஒருவர் ஒருமுறை மட்டும் வாக்களிக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. 2025 வரை ஒருவர் இருபது வாக்குகள் வரை அளிக்க முடிந்தது. ஒருவனுக்கு ஒரு வாக்கு என்ற ஜனநாயகத்தின் அரிச்சுவடி இங்கே இல்லை. காசா மீதான யுத்தம் நடந்துகொண்டிருந்த 2025 இல் பாசல் நகரில் நடந்த போட்டியில், இஸ்ரேல் மக்கள் வாக்கில் 297 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. இஸ்ரேல் அரசின் விளம்பர நிறுவனம் இணையத்திற் பணம் செலுத்தி வாக்குக் கோரியமையை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் செய்திப் பிரிவே வெளியிட்டது. பல நாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் விளக்கம் கோரின. அவ்வாண்டு நவம்பரில் ஒன்றியம் விதிகளை மாற்றி, ஒருவருக்குரிய வாக்குகளை இருபதிலிருந்து பத்தாகக் குறைத்தது. அரசுகளின் மிதமிஞ்சிய பிரசாரத்துக்குக் கட்டுப்பாடு விதிப்பதாகவும் அறிவித்தது. டிசம்பரில் இஸ்ரேல் தொடர்ந்து பங்குபற்றலாம் என்று முடிவானபொழுது ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, சிலோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய நாடுகள் 2026 ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து விலகின.

வாக்குரிமையற்ற தொழிலாளியின் கையில் ஒரு குரலாக வந்த தொலைபேசி, அரசின் பணப்பெட்டி பேசும் வாயாகவும் ஆகலாம் என்பதை இது காட்டிற்று. இரண்டையும் மக்கள் வாக்கு என்ற ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது. புலம்பெயர்ந்தவன் தன் மொழிப் பாட்டைக் கேட்டு, தன் காசில் தொலைபேசியை எடுப்பது ஒன்று. அவனை எடுக்கச்சொல்லி அரசு விளம்பரம் வாங்குவது மற்றொன்று. கணிப்பாளன் இவ்விரண்டையும் ஒரே நிரலில் எழுதிக் கூட்டிவிடுவான். சமூகத்தை நோக்குபவன் அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

6

இரசிகர் தம் அனுபவத்தில் வகுத்துக்கொண்ட சில விதிகள் உண்டு. ஆங்கிலத்திற் பாடினாற்றான் வெல்லலாம். மேடையில் ஆடலும் ஒளியும் வேண்டும். சிறிய நாடு, அயலவர் துணையின்றி வெல்லாது என்பன அவை. தாய்மொழிக் கட்டுப்பாடு 1999 இல் நீங்கியபின் 2006 வரை வென்ற பாட்டுக்கள் முழுமையாகவோ பகுதியாகவோ ஆங்கிலத்தில் அமைந்தமையால் முதலாவது விதி உறுதிபெற்றது. 2007 இல் சேர்பிய மொழிப் பாட்டு அதனை ஒருமுறை உடைத்தது. 2017 இல் போர்த்துக்கல்லின் சல்வதோர் சொப்ரால், தன் சகோதரி இயற்றிய பாட்டை, ஆட்டக்காரரின்றி, தனியே நின்று, போர்த்துக்கேய மொழியிற் பாடி 758 புள்ளிகளுடன் வென்றார். நடுவரும் மக்களும் அன்று ஒன்றுபட்டனர். அகதிகளுக்கு ஆதரவான வாசகம் பொறித்த சட்டையை அவர் பத்திரிகையாளர் முன்னிலையில் அணிந்தமைக்கு அமைப்பாளர் ஆட்சேபம் தெரிவித்ததும் அந்த ஆண்டிலேதான். 1964 இற் பூச்சியத்துடன் தொடங்கிய அந்நாட்டுக்கு முதல் வெற்றி கிட்ட 53 ஆண்டுகள் சென்றன.

ஆனால் போர்த்துக்கல்லின் பாட்டுக்களுள் மிகப் பெரிய பணியைச் செய்தது அந்த வெற்றிப் பாட்டன்று. 1974 ஏப்ரல் 6 ஆந் திகதி இங்கிலாந்தின் பிரைற்றன் நகரிற் போட்டி நடந்தது. வென்றது சுவீடனின் அப்பா குழு. போர்த்துக்கல்லின் சார்பிற் பாடிய பவுலோ தெ கர்வால்யோ பெற்றவை 3 புள்ளிகள். வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம். பிரிந்துபோன காதலைப் பற்றிய மென்மையான பாட்டு அது. பதினெட்டு நாட்கள் சென்றன. ஏப்ரல் 24 ஆந் திகதி இரவு 10.55 மணிக்கு லிஸ்பன் வானொலி நிலையம் ஒன்று அப்பாட்டை ஒலிபரப்பியது. சர்வாதிகாரத்தை வீழ்த்தத் திட்டமிட்டிருந்த படைவீரருக்கு ஆயத்தமாகுமாறு விடுக்கப்பட்ட முதல் அடையாளம் அது. அரசியல் வாடையற்ற காதற் பாட்டாகையால் எவரும் சந்தேகிக்கமாட்டார் என்பதனாலேயே அது தெரிவுசெய்யப்பட்டிருந்தது. நள்ளிரவு தாண்டி, ஜொசே அபொன்சோவின் பாட்டு இரண்டாவது அடையாளமாக ஒலித்தது. மறுநாள் 48 ஆண்டுக் கொடுங்கோன்மை சரிந்தது. படைவீரரின் துப்பாக்கி முனைகளில் மக்கள் கார்னேசன் மலர்களைச் செருகினர். ஆபிரிக்காவிற் போர்த்துக்கல் நடத்திவந்த குடியேற்ற யுத்தங்களும் அத்துடன் முடிவை நோக்கித் திரும்பின.

பிரைற்றனில் அமர்ந்து புள்ளிக் கணக்குப் பார்த்த எந்த இரசிகனும், எந்தப் பந்தயக்காரனும், அந்தக் கடைசியிடப் பாட்டைப் பற்றி இதனை முன்னுரைத்திருக்க முடியாது. அதன் சொல்லிலோ இராகத்திலோ புரட்சி இருக்கவில்லை. தேவை ஏற்பட்டபொழுது மக்கள் இயக்கம் அதனைக் கையிலெடுத்து அதற்குப் புதிய பொருளைக் கொடுத்தது. ஒரு கலைப்படைப்பின் சமூகப் பயன், அது பிறந்த அன்றே முடிந்துவிடும் கணக்கன்று என்பதை மாணவருக்கு எடுத்துரைக்க இதனிலும் தெளிவான சான்று நாம் அறிந்தவரையில் வேறில்லை.

வெல்லும் பாட்டு எது என்று கேட்கும் இரசிகனை ஆகவே நாம் எள்ளவேண்டியதில்லை. எமது வகுப்பறைகளிலும் அத்தகைய மாணவர் உளர். பாட்டுப் போட்டி எதுவாயினும் அவர்கள் கணக்குப் பார்த்தே தீர்வர். அவர்களுடைய ஆர்வத்தைக் கொண்டே மேலும் சில கேள்விகளை நாம் எழுப்பலாம். தீர்ப்பளிப்போர் யாவர்? அவர்களைத் தெரிவுசெய்தவர் யார்? ஒரு வாக்குக்கு என்ன விலை, அவ்விலையைச் செலுத்துபவர் எவர்? வாக்களிக்க இயலாதவர் எவரேனும் உளரா? இவற்றைக் கேட்கப் பழகிய மாணவன், புள்ளிப் பலகையைப் பார்க்கும் அதே கண்ணால் நாளை தேர்தல் முடிவையும் பார்ப்பான்.